மனோர் பார்க்கின் உறைமோர்

பெர்னடெற்றின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது அவளுக்கு வலித்தது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் லண்டனில் வேறு வேறு இடங்களில் இருந்த மூன்று பெண்களுக்குச் சமமாகப் பிரிந்து போனது. 1985ஆம் ஆண்டு இலையுதிர்காலம் அது. கொலம்பியாக்காரியான பிலார் கல்லூரி நூலகத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். மனோர் பார்க்கில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தவமலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். பார்க்கிங் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்த இம்மாகுலேற்றுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள், அதைச் சப்பவும் அவளால் முடியவில்லை. பல் வைத்தியரோ, இவ்வளவு பொறுமைசாலியைத் தன் தொழிலில் கண்டதில்லை என்று பெர்னடெற்றைப் பாராட்டி அனுப்பினார். அவரைக் குறை சொல்லக்கூடாது. காகிதம் விரலில் கீறினாலே செபமாலையைக் கையில் எடுக்கிறவள் பெர்னடெற் என்பது அவருக்குத் தெரியாது.

காரணம் நால்வருக்கும் உடனே விளங்கிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் சகோதரிகள் ஆகியிருந்தார்கள். யோசனை பிலாருடையது. அவளுடைய மாமன் மகள் ஒருத்தி அமெரிக்காவில் பல்கலைக்கழகம் போனவள். அங்கே ஸ்பானிய மொழி பேசும் மாணவிகள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், ஒரு சகோதரிச் சங்கம் வைத்திருந்தார்களாம். அதற்கு ஒரு நிறம், ஒரு பூ, ஒரு சத்தியம். படிப்பை இடையில் விடக்கூடாது. சொந்தப் பாஷையை மறக்கக்கூடாது. படித்ததைக் கொண்டு தன் சனத்துக்கு வேலை செய்யவேண்டும். ஒருத்தியின் வலி எல்லோருடைய வலி. பிலாரின் தாய் லண்டனில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறவள். மற்ற மூவரின் குடும்பங்களும் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணம் மன்னார் பக்கத்தில், சண்டைக்கு நடுவே. இப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்று நான்கு பேரும் தவமலரின் வாடகை அறையில் கூடினார்கள். நிறத்தைப் பற்றி அரைநாள் சண்டை நடந்தது. கடைசியில் தவமலரின் கிழிந்த கடுகு மஞ்சள் சேலை ஒன்று கையில் அகப்பட்டதால் அதுவே நிறமாயிற்று. சத்தியம் செய்யும்போது வைன் குடிக்கவேண்டும் என்றாள் பிலார். தவமலர் சைவக்காரி, வைன் வீட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்தது மோர். ஒரே செம்பில் நால்வரும் குடித்து, தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் சத்தியத்தைச் சொன்னார்கள். பேச்சுக்குச் சொன்னதை மோர் உண்மையென்று எடுத்துக்கொண்டது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழி மனோர் பார்க்கில் செல்லாக்காசாகிவிட்டது. பிலாருக்குக் காய்ச்சல் என்றால் நால்வரும் இளஞ்சூடாக வகுப்புக்குப் போனார்கள். மாதவிலக்கு நோவு, குளிரில் கால்விரல் வீங்குகிற நோவு, பரீட்சைக்கு முந்தின நாள் வருகிற தலையிடி எல்லாம் நாலில் ஒன்றாகி, தாங்கக்கூடியதாகி, அவர்கள் படிப்பு முன்னேறியது. மனதின் வலியும் பங்கு போனது. மன்னாரிலிருந்து இம்மாகுலேற்றுக்குக் கடிதம் வராத வாரங்களில் பிலாருக்குத் தான் கண்டிராத ஒரு கடலை நினைத்துத் ஏக்கம் வந்தது. தவமலர் ரசாயனம் படித்தவள், சும்மா இருப்பாளா? அந்த மோரில் ஒரு துளியைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மோரில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. ஒரு கோடையில் பிலார் ஊருக்குப் போய் ஒரு மாதம் மோர் குடிக்காமல் இருந்தபோது பங்கு வருவது நின்றது. திரும்பி வந்து ஒரு வாய் குடித்ததும் மீண்டும் தொடங்கியது. ஆகவே விதி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது: மோர் குடிக்கிறவரைதான் பங்கு. அதற்கு மேல் ஆராயவில்லை, படிக்கவேண்டிய பாடம் நிறைய இருந்தது.

சனத்துக்கு வேலை செய்வது என்ற சத்தியத்தையும் அவர்கள் விடவில்லை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஆங்கில வகுப்பு வைத்தார்கள். பெண்களோடு டாக்டரிடம் போனார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், கவுன்சில் எனும் நகரசபைக்குப் போனார்கள். குரோய்டனில் அகதி விண்ணப்பம் விசாரிக்கிற பெரிய கட்டடத்துக்கு முன்னால் விடியற்குளிரில் வரிசை நிற்கும்போது, கூட நின்று மொழிபெயர்த்தவள் பெரும்பாலும் இம்மாகுலேற்தான். அவள் சுபாவம் அப்படி. மற்றவர்களின் பையைத் தூக்குவாள், தன் பையைத் தொட விடமாட்டாள். பங்கு போடும் காலத்திலும் தனக்குத் தலையிடித்தால் முதலில் மாத்திரை போட்டுவிடுவாள், மற்ற மூவருக்கும் போகக்கூடாதென்று. பெர்னடெற் தன் பல்லுக்குக் கூட அந்த மரியாதை செய்யவில்லை என்று பிலார் கேலி செய்வாள்.

தவமலர் அந்த மோரை உறையாக வைத்துத் தயிர் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி மறுநாள் பாலுக்கு, அதில் ஒரு கரண்டி அதற்கடுத்த நாளுக்கு. கடைத் தயிர் இனிக்கும், வழுக்கும், சோற்றில் ஒட்டாது. தவமலரின் தயிரோ கவிழ்த்தாலும் அசையாது. புதிதாக வந்த பெண்கள் ஜாம் போத்தலோடு அவள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ஒரு கரண்டி உறை கேட்டு வருகிறவளை இல்லை என்று அனுப்புவது எந்த ஊரில் நடக்கும்? தவமலர் ஊற்றிக் கொடுத்தாள்; கிழிந்த சேலையில் ஒரு துண்டால் போத்தலின் வாயைக் கட்டியும் கொடுத்தாள். ஒரேயொரு கட்டுப்பாடு, விளக்கு வைத்த பிறகு மோரும் தயிரும் வீட்டுப்படி தாண்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் அது சிக்கலில்லாத வழக்கம். லண்டனிலோ மார்கழி மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்கே தெருவிளக்கு எரிந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் பெண்கள் மதிய ஷிப்ட் முடிந்த கையோடு ஓடி வருவார்கள். தெருவிளக்கு கவுன்சிலின் விளக்குத்தானே, அது கணக்கில் சேராது என்று பெர்னடெற் வாதாடிப் பார்த்தாள். லட்சுமிக்குக் கவுன்சில் விளக்கு வீட்டு விளக்கு என்று பேதம் தெரியாது என்று தவமலர் முடித்துவிட்டாள்.

பட்டம் வாங்கிய வருடத்தில் இம்மாகுலேற்றுக்கு இடுப்பில் ஒரு வலி வந்தது. பெட்டி தூக்குகிற வலி. ஆனால் அவள் பெட்டி தூக்கவில்லை, மற்ற மூவரும் தூக்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தியின் கை எண்ணெயில் சுட்டது. யாரோ ஒருத்திக்குப் பல் முளைக்கும் குழந்தையோடு தூக்கமில்லை. நால்வரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு தை மாதம் பார்க்கிங்கில் எமில்டா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க இம்மாகுலேற்றை அழைத்தார்கள். பஸ்ஸில் போகும்போதே அவளுக்கு அடிவயிறு பிடித்து இழுத்தது. எமில்டா கட்டிலில் உட்கார்ந்து, இவ்வளவுதானா என்ற முகத்தோடு அப்பிள் தின்றுகொண்டிருந்தாள். மூன்று நாள் கழித்துப் பிள்ளையைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனபோது, குசினி யன்னலில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. அதன் வாயைக் கடுகு மஞ்சள் துணி கட்டியிருந்தது. பங்கு உறையோடு சேர்ந்து போயிருக்கிறது என்று இம்மாகுலேற்றுக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கே நால்வரும் கூடினார்கள். இனி யாருக்கும் உறை கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அதனால் ஒன்றும் ஆகவில்லை. வாங்கியவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள், அடுத்த வீடு ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மச்சாளுக்கு, மச்சாள் இல்ஃபோர்ட்டில் இருக்கும் ஆங்கிலேயப் பக்கத்து வீட்டுக்காரிக்கு. வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லவும் நால்வருக்கும் துணிவு வரவில்லை. மற்றவர்கள் மெல்ல மறந்தார்கள், இம்மாகுலேற்றால் முடியவில்லை. நாங்கள் சத்தியம் செய்து எடுத்துக்கொண்டோம், அந்தப் பெண்கள் தயிர் கேட்டுத்தானே வந்தார்கள், கேளாமலே அவர்கள் தலையில் பாரம் ஏற்றிவிட்டோம் என்று அவள் மனம் அரித்தது. 1989இல் பிலாருக்குப் பொகோட்டாவில் ஆசிரியை வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறும்போது அவளுடைய பெட்டியிலும் ஒரு போத்தல் இருந்தது. சகோதரிகளை விட்டுப் போகலாம், உறையை விட்டுப் போக முடியாது என்று அவள் சொன்னதாகப் பெர்னடெற் சொல்வாள்.

1990 ஆனியில் ஊரில் மீண்டும் சண்டை மூண்டது. இம்மாகுலேற்றின் அண்ணன் யாக்கோப்பு மன்னாரில் கடல் தொழில் செய்கிறவன். தகப்பன் இல்லாத வீட்டில் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, லண்டனுக்கு அனுப்பியும் வைத்தவன். கோயில் பாட்டுகளைச் சுருதி தப்பிச் சீழ்க்கையடிப்பான், அதைத் திருத்த அவளால் கடைசிவரை முடியவில்லை. கார்த்திகையில் அவன் படகு திரும்பவில்லை என்று கேள்விப்பட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதே நேரத்தில் தவமலர் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். அதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது; அதிர்ச்சி ஏதும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எச்சரித்திருந்தார். வரப்போகும் செய்தி எப்படிப்பட்டது என்று இம்மாகுலேற்றுக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. அவள் தயிர் சாப்பிடுவதை நிறுத்தினாள். வீட்டில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஒரு மாதத்தில் பங்கு நின்றது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவள் கால்விரல் நோவு முழுவதும் அவளுடையதாகவே இருந்தது. அது இவ்வளவு பெரிய நோவா என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது.

தை மாதத்தில் கொழும்பிலிருந்து செபஸ்தியாம்பிள்ளை மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். படகில் குண்டு விழுந்ததையும், உடல் கரை ஒதுங்கியதையும், அடக்கம் முடிந்ததையும் சொன்னார். ஓம் மாமா, ஓம் மாமா என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டு, பார்க்கிங்கில் இருந்த தன் மேல்மாடி அறையில் படுத்தாள். துக்கம் முழுசாக வந்தது. அது அழுகையாகக் கூட வரவில்லை. நெஞ்சில் ஒரு படகைக் கவிழ்த்து வைத்ததுபோல் மூச்சை அடைத்துக்கொண்டு கிடந்தது. கட்டிலிலிருந்து குழாயடிவரை போவது அவளால் முடியாத காரியமாயிற்று. அப்படியே கிடந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. பின்னேரம் மூன்று மணிபோலக் கீழ்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஒருத்தி மேலே ஏறி வந்தாள். தவமலர், ஆறு மாத வயிறும் கையில் ஒரு தூக்குச்சட்டியுமாக. பஸ் ஓடாததால் மனோர் பார்க்கிலிருந்து பாதித் தூரம் நடந்திருந்தாள். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படித் தெரியும் என்று இம்மாகுலேற் கேட்டாள்.

"என்ர வாந்தி கூடிப்போச்சு. ஆரோ ஒராள் பங்கு எடுக்கேல்லை எண்டு விளங்கிச்சு. எடுக்காமல் விடுற ஆள் நீராத்தான் இருப்பீர் எண்டும் விளங்கிச்சு."

அப்போதுதான் இம்மாகுலேற் அந்தச் சொல்லை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். "அண்ணை போயிட்டார், தவம்."

தவமலர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொடுத்தாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தாள். தயிரும் சோறும், மேலே ஒரு துண்டு ஊறுகாய். இம்மாகுலேற் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தியம் செய்யாத பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் இதைப் போடமாட்டேன் என்றாள். முதல் பிள்ளை போனதை மறந்துவிட்டீரா என்றும் கேட்டாள். அதைக் கேட்டபோது தவமலரின் முகம் சிவந்தது. கோபம் அவளுக்கு லேசில் வருவதில்லை.

"என்ர பிள்ளையை நான் சுமக்கிறன். உம்மட அண்ணையிலயும் ஒரு கரண்டி சுமப்பன். ஏலாதெண்டு சொல்ல நீர் ஆர்? எல்லாற்ற வலியையும் வாங்கினீர், உம்மட வலியை மட்டும் பெட்டியில வைச்சுப் பூட்டுவீரோ? அதுக்குப் பேர் சகோதரமில்லை, இம்மா. அது பெருமை."

யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவிளக்குகள் முதலில் செக்கச்செவேலென்று மினுங்கி, பிறகுதான் மஞ்சளாகும். மூலையில் இருந்த விளக்கில் அந்தச் சிவப்பு தோன்றியது. தவமலர் அதைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பதறிப்போனாள்.

"கெதியா வாங்கும். விளக்கு வைக்கப்போறாங்கள், பிறகு நான் தரமாட்டன்."

அவள் சொன்ன விதத்தில், அத்தனை துயரத்துக்கும் நடுவே, இம்மாகுலேற்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் திறந்திருந்த இடைவெளியில் தவமலர் ஒரு பிடி சோற்றை ஊட்டிவிட்டாள்.

அன்று பின்னேரம் நடந்ததைக் கிழக்கு லண்டனில் அநேகம் பேர் நினைவு வைத்திருக்கிறார்கள். மனோர் பார்க் முருகன் கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொண்ட பெண்கள் கையைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்த, மேற்பார்வையாளர் மின்சாரம் போய்விட்டதோ என்று சுவிட்சைப் பார்த்தார். பார்க்கிங்கில் எமில்டா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், தனக்கு இல்லாத அண்ணன் ஒருவனை நினைத்து அழுதாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கரண்டிதான் வந்தது. ஆனால் அந்த ஒரு கரண்டியில் தார் பூசிய படகின் வாசனையும், காலைக் குளிரில் சைக்கிள் பாரின் சில்லிடுதலும், சுருதி தப்பிய ஒரு சீழ்க்கையும் இருந்தன. இல்ஃபோர்ட்டில் அந்த ஆங்கிலேயப் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போய், கணவனின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள், யாருக்கென்று தெரியாமல். பொகோட்டாவில் அது காலை நேரம். பிலார் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, மெல்ல அவன் பெயரைச் சொன்னாள். தவமலர் தன் பங்கை அந்தக் கட்டிலிலேயே எடுத்துக்கொண்டாள். வயிற்றில் பிள்ளை ஒரு தரம் உதைத்தது, பிறகு பேசாமல் தூங்கிவிட்டது. இம்மாகுலேற்றின் நெஞ்சில் கவிழ்ந்திருந்த படகை எத்தனையோ கைகள் சேர்ந்து புரட்டின. அவளுக்கு இப்போது அழ முடிந்தது. அழுது முடித்து, எழுந்து, தவமலரின் நனைந்த சப்பாத்தைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் பனி விட்டதும் இருவரும் மனோர் பார்க்குக்குப் போனார்கள். தவமலரின் வீட்டு வாசலில் பெண்கள் நின்றார்கள், கேற்றைத் தாண்டி நடைபாதைவரை. நேற்று வந்த அண்ணன் யாருடைய அண்ணன் என்று விசாரித்து விசாரித்து, மஞ்சள் துணியின் வழியைப் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். இம்மாகுலேற் படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: சத்தியத்தை, மோரை, தெரிந்த பிறகும் மறைத்ததை. ஏச்சுக்குத் தயாராகத்தான் நின்றாள். யாரும் ஏசவில்லை. தன் இடுப்பு வலி ஏன் குறைந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது என்றாள் பெட்டி தூக்குகிற பெண். எமில்டா, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ர பிள்ளையை நீங்கள் எல்லாரும் சேர்ந்துதானே பெத்தனீங்கள். நான் ஆருக்கு நன்றி சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தன்."

இம்மாகுலேற் அதுவரை நன்றி வாங்கித்தான் பழகியிருந்தாள். நன்றி சொல்லிப் பழகவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துச் சொன்னாள். நெஞ்சு நிறைந்து, வெட்கப்படாமல் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்க மத்தியானமாயிற்று.

வரிசையின் கடைசியில் ஒருத்தி நின்றாள். போன வாரம்தான் லண்டனில் இறங்கியவள், யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டிருந்தாள், பெயர் கமலாம்பிகை. கையில் வெறும் ஜாம் போத்தல். இங்கே நல்ல உறை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். இம்மாகுலேற் தவமலரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒளிக்காமல் சொன்னாள்: இதைச் சாப்பிட்டால் மற்றவர்களின் நோவு உங்களுக்கும் வரும், பல்வலி வரும், பிரசவ வலி வரும், முன்பின் அறியாத ஆட்களின் இழவும் வரும், உங்களுடையது அவர்களுக்குப் போகும், யோசித்து வாங்குங்கள்.

கமலாம்பிகை கவனமாகக் கேட்டாள். கொஞ்சம் யோசிக்கவும் செய்தாள்.

"அது சரி அக்கா. இந்தக் குளிருக்கு உறையுமோ?"

உறையும் என்றாள் இம்மாகுலேற். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலுமாரிக்குள், ஒரு பழைய கம்பளிச் சட்டையால் சுற்றி வைக்கவேண்டும், இடையில் திறந்து பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். தவமலர் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.